கூடையைத் தூக்காத சம்பந்தி

என் பேத்தியின் மூக்கு எங்கள் வீட்டு மூக்கு இல்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது சம்பந்தியின் மூக்குதான், நுனியில் லேசாகத் தட்டிவிட்டது மாதிரி. காது மட்டும் என்னுடையது என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பச்சைக் குழந்தைக் காது எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், சும்மா இருங்க" என்கிறாள் என் மனைவி. அவளுக்குப் பொறாமை. ஏழு மாதம் முடிந்துவிட்டது பேத்திக்கு. விரலை நீட்டினால் பிடித்துக்கொண்டு விடமாட்டாள், நட்டு கழற்றுகிறவன் பிடி. இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நான் சொல்ல வந்தது அந்த மூக்குக்குச் சொந்தக்காரரைப் பற்றி.

சம்பந்தி, அதாவது என் மகளைக் கட்டியவரின் அப்பா, ராக்கெட் தளத்தில் கிரேன் ஓட்டியவர். இன்றைக்கு எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், எல்லோர் பிழைப்பையும் கெடுத்த ஆள் என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு வருஷத்துக்கு முன்னால் அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள்.

சின்ன வயதில் துறைமுகத்தில் மூட்டை கட்டுகிற வேலைக்குப் போனவர். கயிறு கட்டிக் கட்டி, கட்டிய சரக்கைத் தூக்குகிற கிரேன் மேல் கண் போய், ஓட்டக் கற்றுக்கொண்டார். கிரேன் கேபினுக்குள் செருப்புப் போடமாட்டார். குளிரோ வெயிலோ வெறுங்கால்தான். இஞ்சின் என்ன சொல்கிறது என்று காலுக்குத் தெரிய வேண்டும் என்பார். எதற்கெடுத்தாலும் "நிதானம், நிதானம்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் தளத்தில் அவருக்கு நிதானம் என்றே பேர் வந்துவிட்டது. என் மகள் கல்யாணத்தன்று போட்டோக்காரர் அவசரப்படுத்தியபோதும், "நிதானம் தம்பி, பொண்ணும் மாப்பிள்ளையும் எங்கயும் ஓடிப் போயிட மாட்டாங்க" என்றார். மண்டபமே சிரித்தது. மனைவி போன பிறகு ஒரே மகனைத் தனியாக வளர்த்தவர். மகன் பெரியவனானதும் தன் தளத்திலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

என் டயர் கடை தளத்துக்குப் போகிற ஒரே ரோட்டில் இருக்கிறது. ராக்கெட் துண்டுகளை ஏற்றி வரும் நீளமான டிரெய்லர்கள் என் கடை வாசலில்தான் காற்றுப் பிடிக்கும். ஆனாலும் அந்த ராக்கெட் என்ன செய்யும் என்று எனக்குப் புரிய வைத்தவர் சம்பந்திதான்.

"மேல போகும் சம்பந்தி. பாதி வழியில தலைப்பகுதி கழண்டு அது பாட்டுக்குப் போயிடும். அடிப்பகுதி இருக்கு பாருங்க, அது திரும்பி வந்து, நாலு காலை விரிச்சு, நெருப்பைக் கீழ ஊதிக்கிட்டே கான்கிரீட்ல இறங்கி நிக்கும். துடைச்சு, எண்ணெய் போட்டு, மறுபடியும் அனுப்பலாம்."

"பஸ் மாதிரின்னு சொல்லுங்க."

"அதே. டயர்தான் கிடையாது. உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

முதல் தடவை விட்டது கடலில் விழுந்தது. தெருவே என் கடைத் தகரக் கூரை மேல் ஏறி நின்று பார்த்தது. இரண்டாவது வேகமாக வந்து கான்கிரீட்டில் மோதி எரிந்தது. தெருவில் ஒரு வீட்டிலும் ஜன்னல் கண்ணாடி மிஞ்சவில்லை. மூன்றாவது இறங்கி நின்றது. நிஜமாகவே நின்றது. நாங்கள் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடல் காற்றில் மெல்லச் சாய்ந்து, விழுந்து வெடித்தது.

ஏன் விழுந்தது என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது. இறங்கிய ராக்கெட்டுக்குள் மிச்சம் திரவ ஆக்சிஜன் இருக்கும். அது கொதித்து வெள்ளைப் புகையாக வெளியே போய்க்கொண்டிருக்கும். புகை முழுவதும் அடங்குகிற வரை யாரும் கிட்டே போகக் கூடாது என்பது விதி. அடங்கிய பிறகு சம்பந்தி கிரேனைக் கொண்டுபோய், சின்னக் கொக்கியில் ஒரு இரும்புக் கூடையைத் தொங்கவிட்டு, அதில் ஒரு ஆளை ஏற்றி உச்சிக்குத் தூக்குவார். அந்த ஆள் ராக்கெட்டின் மேல் விளிம்பைக் கிரேனின் பெரிய கொக்கியோடு இரும்புப் பின் போட்டு மாட்டுவார். மாட்டிவிட்டால் எந்தக் காற்றுக்கும் ராக்கெட் விழாது, கிரேன் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது விழுந்தபோது எல்லோரும் புகை அடங்கட்டும் என்று தள்ளி நின்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு அப்புறம் நடந்த கூட்டத்தில் சம்பந்தி எழுந்து, "கொக்கி மாட்டியிருந்தா விழுந்திருக்காதுங்க. முழுசா அடங்குற வரைக்கும் எதுக்கு நிக்கணும்? புகை மெலிஞ்சதுமே போயிடலாமே" என்று சொல்லியிருக்கிறார். பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். சரி என்றார்கள். விதியை மாற்றினார்கள். தள அதிகாரி எல்லோர் முன்னாலும் சம்பந்திக்குக் கை கொடுத்தார்.

அன்று சாயங்காலம் சம்பந்தி கடைக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது கூடவே குருவியும் வந்திருந்தான். கூடையில் ஏறிக் கொக்கி மாட்டுகிற ஆள் அவன்தான். எப்போதும் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் குருவி.

"நம்ம நிதானம் அண்ணனே அவசரப்படுறாரு," என்றான் என்னைப் பார்த்து. "இன்னைக்கு மழைதான்."

"வாயை மூடுடா. உனக்காகத்தான் பேசினேன். விழுந்து விழுந்து கம்பெனியை மூடிட்டா நீ எந்த மரத்துல போய் உக்காருவே?"

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே டீ குடித்தோம்.

நாலாவது ராக்கெட்டும் இறங்கி நின்றது. புகை சீக்கிரமே மெலிந்தது. சம்பந்தி கூடையைத் தூக்கினார். குருவி உச்சிக்குப் போய் நாலு பின்னையும் போட்டுவிட்டு, முடிந்தது என்று கையைத் தூக்கிக் காட்டினான். அந்தக் கை மேலே இருக்கும்போதே அவன் பக்கத்தில் ஒரு குழாய் வெடித்தது.

புகை மெலிந்ததற்குக் காரணம் உள்ளே தீர்ந்துபோனது அல்ல. வெளியே விடுகிற வாய் பனிக்கட்டி கட்டி அடைத்துக்கொண்டது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கூடை இருந்த இடத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லையாம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து சம்பந்தி கூடையை இறக்கினார், கண்ணால் பார்க்காமல், காலால் உணர்ந்து, எங்கேயும் இடிக்காமல். குருவி கூடைக்குள்தான் கிடந்தான். உயிர் இல்லை.

ராக்கெட் விழவில்லை. கொக்கி பிடித்துக்கொண்டது. டிவியில் அது நிற்பதைத்தான் காட்டினார்கள். தெரு முழுக்க ஹாரன் அடித்தார்கள். நானும் டயர் லீவரால் பழைய ரிம்மைத் தட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றேன். எங்களைக் கடந்து ஒரு ஆம்புலன்ஸ் போனது. வழிவிட்டுவிட்டு மறுபடியும் தட்டினேன். உள்ளே யார் என்று அப்போது தெரியாது.

அப்புறம் ராக்கெட்டைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். கழுவினார்கள். வெடித்த குழாயை மாற்றினார்கள். அதைத் திரும்ப அனுப்பத்தானே இவ்வளவு பாடும். குருவியின் இடத்துக்கு அடுத்த ஆள் வேண்டும். கொக்கி மாட்டப் பழகியவர் தளத்தில் இன்னும் ஒருவர்தான் இருந்தார். எங்கள் மாப்பிள்ளை.

என் மகள் அப்போது நிறைமாதம். "வேற யாராவது போகட்டுமே" என்று அவரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். "வேற யாருன்னு ஒருத்தனைக் காட்டு, போகல" என்றார் மாப்பிள்ளை. அவள் யாரைக் காட்டுவாள்?

சம்பந்தி தள அதிகாரியிடம் போய், பழைய விதியையே வைக்கச் சொன்னார். அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். இரண்டாவது வாய் ஒன்று வைத்துவிட்டோம், இனிமேல் புகையைப் பார்த்து முடிவெடுக்கப் போவதில்லை, பிரஷர் மீட்டர் பச்சை காட்டினால்தான் ஆள் ஏறுவார், காத்திருந்தால் மறுபடி காற்று தள்ளிவிடும், நீங்களே சொன்னதுதானே என்றாராம்.

"நானே சொன்னதுதானே," என்று என் கடையில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னார் சம்பந்தி. "என்னத்தைப் பதில் சொல்ல?"

அந்த நாட்களில்தான் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை முதலில் வாங்கியது நான். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், எதிர் வார்டுக் கட்டிலில் இருந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கால் உடைந்து கிடந்த ஆள். சம்பந்தி கை கழுவிவிட்டு வந்து, தொடாமல் குனிந்து பார்த்தார்.

"கழுத்து நிக்கலையே."

"பொறந்த அன்னைக்கே நிக்குமா? ராக்கெட்டா இது, இறங்கினதும் நிக்க?" என்றாள் என் மனைவி.

எல்லோரும் சிரித்தோம். சம்பந்தி சிரிக்கவில்லை. மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது தடவைக்கு அதே ராக்கெட். ஊரெல்லாம் அதே பேச்சு. போனதே திரும்பப் போகிறது, இது மட்டும் நின்றுவிட்டால் இன்னும் பெரிய தளம் வரும், எல்லோர் வீட்டுப் பிள்ளைக்கும் வேலை வரும். அன்று காலை கடையைத் திறக்கும்போது குருவியின் மனைவி ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துத் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள்.

"அதே ராக்கெட்தானாண்ணே?"

"அதேதாம்மா. கழுவி, குழாயெல்லாம் மாத்தி..."

"கழுவிட்டாங்களா," என்றாள். தலையை ஆட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

ராக்கெட் போனது. திரும்பி வந்தது. நாலு காலும் பிடித்து நின்றது. ஆனால் ஒரு காலுக்குக் கீழே கான்கிரீட் விரிசல் விட்டது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. இதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் வாக்கி டாக்கியில் தளம் முழுக்கக் கேட்டதால், பேசிய ஒவ்வொரு சொல்லையும் தெருவில் நடித்துக் காட்டவே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அத்தனை தடவை பார்த்துவிட்டேன்.

மீட்டர் பச்சைக்கு வந்தது. மாப்பிள்ளை கூடையில் ஏறி, கொக்கியைச் சோதித்து, விரலை மேலே காட்டிச் சுற்றினார். தூக்கு என்பதற்கு அதுதான் சைகை. கிரேன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவர் அதிகாரி பேச்சைக் கேட்டுச் சரக்கைத் தூக்கமாட்டார், கொக்கி பக்கம் நிற்கிறவர் கையை மட்டும்தான் பார்ப்பார். அந்தக் கை தூக்கு என்றால் தூக்க வேண்டும். சம்பந்தி வாழ்க்கை முழுக்க அந்தக் கையை மீறியதில்லை.

கூடை அசையவில்லை.

மாப்பிள்ளை மறுபடி விரலைச் சுற்றினார். அதிகாரியின் குரல் வந்தது.

"என்னாச்சு? கூடையைத் தூக்குங்க."

"புகை வந்துக்கிட்டு இருக்குங்க."

"புகையைப் பார்க்காதீங்க, மீட்டரைப் பாருங்க. பச்சை."

"பச்சையாவே இருக்கட்டும்."

"கால் இறங்குது. சாயப்போகுது. தூக்குங்க!"

"நிதானமா போவோங்க."

"நிதானத்துக்கு இது நேரமா?"

அப்புறம் மாப்பிள்ளையின் குரல். "அப்பா. தூக்குப்பா."

"இறங்குடா."

"மீட்டர் சரியாத்தான் காட்டுது. நானே பார்த்தேன். தூக்கு."

"இறங்குன்னு சொல்றேன்ல."

"எல்லாரும் பாக்குறாங்கப்பா. மானம் போகுது. தூக்கு!"

சம்பந்தி சாவியைத் திருப்பி உருவிவிட்டார். கிரேன் நின்றது. வெறுங்காலோடு ஏணியில் இறங்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூடைக்குப் போய் மகனின் கையைப் பிடித்து இழுத்தார். மகன் உதறினார். இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருப்பதை அத்தனை பேரும் பார்த்தார்கள். மற்றவர்கள் ஓடி வந்து இருவரையும் பாதுகாப்புக்குப் போட்ட மண்மேட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ராக்கெட் கடல் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கிரேனும் சேர்ந்து எரிந்தது.

என் கடைக் கூரையிலிருந்து நாங்கள் பார்த்தது அந்த நெருப்பைத்தான். என் மகள் குழந்தையோடு கீழே நின்று, "அப்பா, அவரு? அவரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை போன் செய்கிற வரை அவள் உட்காரவில்லை.

பிறகு விசாரணை நடந்தது. மீட்டர் சரியாகத்தான் காட்டியது, இரண்டு வாயும் திறந்துதான் இருந்தன, கொக்கி மாட்ட நேரம் இருந்தது என்று முடிவு சொன்னார்கள். கான்கிரீட் விரிந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சம்பந்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பெனிக்கும் இன்னொரு ராக்கெட் கட்டத் தெம்பு இல்லை. தளத்தை இழுத்து மூடினார்கள். டிரெய்லர் வருவது நின்றது. இப்போது நான் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறேன். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது.

"சொந்தப் புள்ளைன்னதும் கை நடுங்கிடுச்சு நிதானத்துக்கு," என்றார் டீக்கடைக்காரர், சம்பந்தி காதில் விழட்டும் என்றே. "குருவியை மட்டும் குஷியா தூக்கினாரு."

சம்பந்தி கிளாஸை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மாப்பிள்ளை அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார். வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால், அப்பா இறக்கிவிட்ட பிள்ளை நீதானா என்கிறார்களாம். நான் ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தேன். "மாப்பிள்ளை, பெத்தவர் மனசு..."

"மாமா, அவர் கூடையை நிறுத்தினது தப்புன்னு நான் சொல்லல. குருவி அண்ணன் ஏறினப்ப நான் கீழதான் நின்னேன். அப்பா மூஞ்சியைப் பார்த்தேன். ஒரு சின்னச் சந்தேகம்கூட இல்ல."

உள்ளுக்குள்ளே எனக்கு வேறு ஒன்று இருந்தது. என் மகள் தாலியோடு இருக்கிறாள், என் பேத்திக்கு அப்பா இருக்கிறார். விசாரணை என்ன சொன்னால் எனக்கென்ன என்று இருந்தது. இதை வெளியே சொல்ல முடியாது. குருவியின் மனைவி தினமும் என் கடையைக் கடந்துதான் வேலைக்குப் போகிறாள்.

காற்றாலைக் கோபுரங்களைத் தூக்கி நிறுத்துகிற வேலை ஒன்று மாப்பிள்ளைக்குத் தூரத்து ஊரில் கிடைத்தது. போன வாரம் குடும்பத்தோடு கிளம்புவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பேத்தியைப் பார்க்க சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை எழுந்து உள் அறைக்குப் போய்விட்டார். என் மகள், "வாங்க மாமா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். சம்பந்தி உட்கார்ந்து கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார். பேத்தி பாயில் குப்புற விழுந்து, ஒரு பாட்டில் மூடியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குருவியின் மனைவியும் வந்தாள். துணிக்கடையிலிருந்து குழந்தைக்கு ஒரு சட்டை கொண்டுவந்திருந்தாள். சம்பந்தியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து பேத்தியை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"நல்லா கொழுகொழுன்னு இருக்கா," என்றாள் என் மகளிடம். "தூக்கிட்டுப் போறீங்களே, தாத்தா என்ன பண்ணுவாரு?"

"அழுவாரு," என்றாள் மகள்.

"எந்தத் தாத்தா?"

கேட்டுவிட்டு அவள் குழந்தைக்குச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருந்தது. கையை மடித்துவிட்டாள்.

"அண்ணே," என்றாள், சம்பந்தியை நிமிர்ந்து பார்க்காமல். "ஒண்ணு கேக்கணும். சண்டைக்கு வரல."

"கேளும்மா."

"அன்னைக்குக் கூடையில வேற வீட்டுப் புள்ளை ஏறி நின்னிருந்தா தூக்கியிருப்பீங்களா?"

நான் நடுவே விழப் பார்த்தேன். "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? அவருக்குப் பட்ட அடி, யாரா இருந்தாலும்..."

"நீங்க இருங்க சம்பந்தி," என்றார் அவர்.

கையை மறுபடி முழங்காலில் துடைத்துக்கொண்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் வந்திருந்தாள் என்று எனக்குப் பட்டது.

"தூக்கியிருப்பேம்மா," என்றார். "மீட்டர் பச்சை. ஆளு விரலைக் காட்டுறான். தூக்கியிருப்பேன்."

உள் அறையில் பெட்டி அடுக்குகிற சத்தம் நின்றது.

அவள் தலையை ஆட்டினாள், அன்று ரோட்டில் ஆட்டியது போலவே. அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சம்பந்தியும் எழுந்து, வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். திரும்பி, குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சம்பந்தியின் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. நான் நகர்ந்து போய் அவரிடம் கொடுத்திருக்க வேண்டும். பேத்தி என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டேன். சம்பந்தியை வரச் சொல்லி இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மாப்பிள்ளை சாமான்களை மேலே கட்டிவிட்டு இறங்கி, பஸ் நிலையத்து வாசலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்துகொண்டார். பஸ் கிளம்பும்வரை அவர் பக்கத்து ஜன்னல் திறந்தே இருந்தது.